பக்கத்து வீட்டு டிவி

மிதுன் முதல் தடவை அந்தத் தேர்வில் தோற்றபோது லோகப்பிரியாவுக்கு ஐந்தாம் மாதம். தேர்வு மையத்திலிருந்து வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். அவள் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கொஞ்சத்துல போச்சு" என்றான்.

"போனாப் போகுதுங்க. இன்னொருக்கா எழுதுனா வந்துருமுங்க."

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. நிறுவனத்துக்கு அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில், ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்திருந்தது. அங்கே போய்த் தங்கி வேலை பார்க்க ஆள் வேண்டும். குடும்பத்தோடு போகலாம். ஆனால் கிளவுட் ஆர்க்கிடெக்ட் தேர்வில் தேறிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மேலாளர் பாலகோபால் முதலில் எழுதி அனுப்பியது மிதுனின் பெயரைத்தான். அவன் தோற்ற செய்தி கேட்டதும், "பரவால்ல மிதுன், இன்னும் டைம் இருக்கு. இன்னொரு தடவை எழுதுங்க. அதுலயும் வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்குள் சூலூரில் பாதி ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மிதுனின் அம்மா நாச்சியம்மாள் மாவரைக்கப் போன இடத்தில்கூட "எங்க மிதுனு அயர்லாந்து போறானுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்பா பாலுசாமி விசைத்தறி ஓட்டியவர்; இப்போது தறிக் கொட்டகையை வாடகைக்கு விட்டிருந்தார். அவருடைய அண்ணன் மகன்கள் இருவரும் அமெரிக்காவில் இருந்தார்கள். கல்யாண மண்டபங்களில் பையன்களைப் பற்றிய பேச்சு எழுந்தால், வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் நின்றுகொள்வது அவர் வழக்கம். இப்போதுதான் சில மாதங்களாக உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

லோகப்பிரியா பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கத்துப் பெண். படித்துவிட்டு இரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை செய்தவள், கல்யாணத்தோடு விட்டுவிட்டாள். தினமும் சாப்பாடு முடிந்ததும் மிதுனுக்கு மாதிரிக் கேள்விகளை வாசிப்பது அவள் வேலை. அவன் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வான். தப்பாகச் சொன்னால் அவள் மறுபடி அதே கேள்வியை மெதுவாக வாசிப்பாள். மூன்றாவது தடவையும் தப்பானால் அவனுக்குக் கோபம் வரும், புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வான். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

ஏழாம் மாதம் சூலூரில் வளைகாப்பு நடந்தது. விருந்து முடிந்ததும் மகளை அழைத்துப்போக லோகப்பிரியாவின் அம்மா காளியாத்தாள் காரை நிறுத்தி வைத்திருந்தாள். அப்பா இல்லாத வீடு; மகளுக்கென்று ஓர் அறையைச் சுண்ணாம்படித்து, கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருந்தாள்.

"பரிட்சை முடியட்டுமுங்க அத்தை" என்றான் மிதுன். "அவ இல்லைன்னா எனக்குப் படிப்பே ஓடாதுங்க."

"புருசனுக்கு ஒத்தாசையா இருக்கட்டும் சம்பந்தி" என்றாள் நாச்சியம்மாள். "ஊட்டைக் காலி பண்ணோணும், சாமானக் கட்டோணும். இவ ஒருத்தி இருந்தாத்தான் ஆகுமுங்க. பரிட்சை முடிஞ்ச மறுநாளே நானே கொண்டாந்து உட்டுப்போடறனுங்க."

காளியாத்தாள் மகளைப் பார்த்தாள். லோகப்பிரியா, "நான் வந்துக்கறேன் போம்மா" என்றாள். கார் காலியாகத் திரும்பிப் போனது.

அவர்கள் குடியிருந்தது கணபதியில், ஒரு பட்டறையின் மாடியில். கீழே பம்ப்செட் பாகங்கள் கடைகிற லேத்துகள் காலையிலிருந்து இரையும். இரண்டாம் தடவை எழுத நினைத்தபோது பாலகோபால் சொன்ன கெடுவுக்குள் தேர்வு மையத்தில் இடம் இல்லை. வீட்டிலிருந்தே எழுதலாம் என்று இருந்தது. அப்படி எழுதினால் கம்ப்யூட்டரின் கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நாற்காலியை விட்டு எழக் கூடாது, பேசக் கூடாது, காதில் எதையும் மாட்டக் கூடாது. மீறினால் அந்த இடத்திலேயே தேர்வு ரத்து. பட்டறை ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மிதுன் பதிவு செய்தான்.

அன்று காலை அவன் ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த கேட்டைப் பூட்டினான். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றி விட்டான். தன் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தான். வீட்டு இணையம் நடுவில் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் லோகப்பிரியாவின் போனை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டு, சத்தத்தை நிறுத்தி, அறையின் ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைத்தான். அறைக்குள் போன் இருந்தால் கேமராவில் காட்டச் சொல்வார்கள்.

"என்ன ஆனாலும் கதவைத் தட்டாதே" என்றான். "மூச்சுக்கூட உடாதே."

"நான் எதுக்குங்க தட்டறேன்? நல்லா எழுதுங்க" என்று சொல்லி அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அவன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

சாமான்களைச் சூலூருக்கு ஏற்றிப்போக மறுநாள் டெம்போ வருவதாக இருந்தது. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி, சத்தம் வராமல் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். தண்ணீர் குடிக்க எழுந்தபோது வயிற்றுக்குள் ஏதோ கிழிந்தது போல் வலித்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. வலி விட்டுவிட்டு வரவில்லை; வந்தது வந்தபடியே நின்றது. சற்று நேரத்தில் கால்களுக்கு நடுவே ஈரம் உணர்ந்து குனிந்து பார்த்தாள். ரத்தம்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள்.

உள்ளே மிதுன் தேர்வின் பாதியைத் தாண்டியிருந்தான். கேள்விகள் படித்த மாதிரியே வந்துகொண்டிருந்தன. குரல் கேட்டதும் அவனுக்கு வந்தது எரிச்சல்தான். அத்தனை சொல்லியும் கூப்பிடுகிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

"ஏனுங்க… ஏனுங்க…"

இந்தத் தடவை குரல் பக்கத்தில் வந்திருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி திறந்தது. கண்காணிப்பாளர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: உங்கள் இடத்தில் வேறு யாரோ பேசும் சத்தம் கேட்கிறது. உங்களோடு யாராவது இருக்கிறார்களா?

மிதுன் கீபோர்டில் கை வைத்தான். பிறகு டைப் செய்தான்: இல்லை. அது பக்கத்து வீட்டு டிவி.

சரி, தொடருங்கள் என்று பதில் வந்தது. மறுபடி சத்தம் கேட்டால் தேர்வை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தது.

கதவுக்கு வெளியே லோகப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். உள்ளங்கையால் கதவைத் தொட்டாள், தட்டினாள் என்று சொல்ல முடியாது.

"வலிக்குதுங்க" என்றாள். "ரத்தம் வருதுங்க. கதவத் தொறங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். பிளைவுட் கதவு. அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஆறாம் மாதத்தில் ஒருமுறை அவளுக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். ஒன்றுமில்லை, வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதுவும் அப்படித்தான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ரத்தம் என்ற சொல் காதில் விழாதது போலப் பார்த்துக்கொண்டான். திரையில் இருந்த கேள்வி, ஒரு நிறுவனத்தின் பழைய கோப்புகளைக் குறைந்த செலவில் எங்கே சேமிக்கலாம் என்பது. இரண்டாவது விடையைத் தொட்டான்.

கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. கீழே கேட்டை யாரோ கல்லால் தட்டுகிற சத்தமும் கேட்டது. பிறகு இரண்டும் நின்றன. சத்தம் நின்றதும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கண்காணிப்பாளர் மறுபடி எதுவும் எழுதவில்லை.

கடைசிக் கேள்வியை முடித்தபோது நேரம் மிச்சம் இருந்தது. அப்போதே முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். சந்தேகமாக இருந்த கேள்விகளைக் குறித்து வைத்திருந்தான். ஒருமுறை தோற்றவன். அவற்றை எல்லாம் திரும்ப ஒருமுறை பார்த்தான். இரண்டை மாற்றினான். அதற்கப்புறம்தான் முடிவு என்ற பொத்தானை அழுத்தினான்.

தேர்ச்சி என்று திரையில் வந்தது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல், மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கணத்தில் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

தாழை நீக்கி இழுத்ததும் கதவோடு அவளும் உள்ளே சாய்ந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, கேட்டின் சாவியைத் தேடித் திரும்ப மேலே ஓடி, மறுபடி வந்து திறந்தபோது வெளியே ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்து வீட்டு மெஹராஜ் பிடித்து வைத்திருந்தாள். தையல் வேலை செய்பவள். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது குரல் கேட்டு இறங்கி வந்தவள். அவள்தான் உள்ளே ஏறி லோகப்பிரியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பத்தாங்க டாக்டர்" என்றான் மிதுன். "கொஞ்ச முன்னாடி."

"கொஞ்ச முன்னாடியா?" என்றாள் மெஹராஜ். "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க டாக்டரம்மா. நான் கேட் கிட்ட நின்னு அந்தத் தட்டு தட்டுறேன், போன் மேல போன் போடுறேன், யாரும் தொறக்கலைங்க."

டாக்டர் மிதுனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பெண் குழந்தை. எடுக்கும்போதே உயிர் இல்லை. லோகப்பிரியாவைக் காப்பாற்றினார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்து சேர்ந்த காளியாத்தாளிடம் டாக்டர், நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்னதாகவே பிரிந்துவிட்டது, இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்றார்.

"வெரசா வந்திருந்தா புள்ளை தங்கியிருக்குமுங்களா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்திருக்கும்."

லோகப்பிரியாவுக்கு மயக்கம் தெளிவதற்குள் பாலுசாமியும் மிதுனும் குழந்தையைச் சூலூருக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். "மூஞ்சியைப் பாத்தா மறக்க முடியாதுன்னு நான்தான் கண்ணு எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றாள் நாச்சியம்மாள். ஏதோ உதவி செய்த குரல். லோகப்பிரியா உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். யார் மாதிரி இருந்தது என்று கேட்டாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை, பிறகு குரலை இறக்கி, பரிட்சை என்ன ஆச்சு என்ற கேள்வி. நாச்சியம்மாள், "பாஸ் பண்ணிப்போட்டானுங்க. அந்த நேரத்துலயும் பாஸ் பண்ணியிருக்கறான் பாருங்க" என்றாள். கட்டிலுக்குக் கேட்காது என்று நினைத்து, "ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. என்னத்தைச் சொல்றது" என்றும் சொன்னாள். மெஹராஜ் சாப்பாடு கொண்டுவந்தபோது, தம்பிக்கு அத்தனை சத்தம் எப்படிக் கேட்காமல் போனது என்று கேட்டாள். "படிப்புன்னு உக்காந்தா அவனுக்கு இடி உளுந்தாலும் தெரியாதுங்க. சின்னதுலருந்தே அப்படித்தான்" என்றாள் நாச்சியம்மாள். அதில் பெருமைகூட இருந்தது.

பாலகோபால் போன் செய்தார். வருத்தம் தெரிவித்தார், வாழ்த்தும் சொன்னார். இந்த நிலைமையில் பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றார். மிதுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவருக்கு நன்றி சொன்னான்.

லோகப்பிரியா அம்மா வீட்டுக்குப் போனாள். சுண்ணாம்படித்த அறையில் புதுக் கட்டிலில் படுத்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. காளியாத்தாள் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினாள். ஒரு நாள் மதியம் விசா காகிதங்களில் கையெழுத்து வாங்க மிதுன் வந்தான். அவள் எழுந்து உட்கார்ந்து, காட்டிய இடங்களில் எல்லாம் போட்டுக் கொடுத்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"அந்தப் பரிட்சையில டைப் பண்றதுக்கு ஒண்ணுமே கிடையாதுங்களே. நாலுல ஒண்ணைத் தொட்டா முடிஞ்சுது. நான்தானே தினமும் உங்களுக்கு வாசிச்சேன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"ரெண்டாவதா நான் கூப்பிட்டப்ப கீபோர்டு சத்தம் கேட்டுச்சுங்க. என்னங்க டைப் பண்ணுனீங்க?"

அவன் காகிதங்களை அடுக்கினான். நினைவில்லை என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே தேங்காய் உரிக்கிற ஆட்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு கூப்பிடறாங்கன்னு அந்தாளு கேட்டான்" என்றான் கடைசியில். "பக்கத்து வீட்டு டிவின்னு டைப் பண்ணுனேன்."

"இங்கிலீசுலயுங்களா?"

"ஆமா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"செரி, தொடருங்கன்னாங்க."

"நல்லவங்களாட்ட இருக்குது" என்றாள் லோகப்பிரியா.

அவன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றான். எல்லாமே உனக்கும் குழந்தைக்கும்தானே என்றான். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மன்னிக்கச் சொன்னான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு."

"ஏம்மா?"

"சொன்னா என்ன ஆகும்? அவங்க கூட்டிட்டுப் போகமாட்டாங்க. நீ இங்க வந்து உக்காந்துக்குவே. நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்? ஊரு என்ன பேசும்? ஆம்பளை, ஒரு நேரம் புத்தி கெட்டுப்போச்சு. அங்க போயிட்டீன்னா எல்லாம் மாறிப் போகும். இன்னொண்ணு பொறந்துருச்சுன்னா நீயே மறந்துருவே."

"நான் போகோணும்ங்கறயா?"

"போகத்தான் வேணும்."

"செரிம்மா" என்றாள்.

அடுத்த மாதம் அவர்கள் டப்ளின் போனார்கள். விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து வழியனுப்பினார்கள். பாலுசாமி வேட்டி சட்டையில் எல்லாரோடும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அங்கே அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு. அவள் சமைத்தாள், துவைத்தாள், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எல்லாம் மாறிவிடும் என்று மிதுன் நினைக்க ஆரம்பித்தான். அப்போதுதான் அபிலாஷ் என்ற பையனும் அவன் மனைவியும் சாப்பிட வந்தார்கள். மிதுனின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன், திருப்பூர்ப் பக்கம். மனைவிக்கு நான்காம் மாதம். அபிலாஷ் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வீட்டுலருந்து எழுதறது ஈசிங்களா, சென்டர் நல்லதுங்களா?"

மிதுன் வாய் திறப்பதற்குள் லோகப்பிரியா சொன்னாள்: "இவங்க வீட்டுல இருந்துதானுங்க எழுதுனாங்க. நல்லா எழுதுனாங்க."

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். தனக்கு எட்டாம் மாதம் என்பது, கேட்டைப் பூட்டியது, பெல்லைக் கழற்றியது, போன் சன்ஷேடில் இருந்தது. வலி வந்தது, கூப்பிட்டது, கதவைத் தொட்டது. அவர் என்ன டைப் செய்தார், அவர்கள் என்ன பதில் போட்டார்கள். குறித்து வைத்த கேள்விகளை அவர் திரும்பப் பார்த்தது; இதை அவனே ஒருநாள் அழுகையோடு சொல்லியிருந்தான். குரல் எங்கேயும் ஏறவில்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தைச் சொல்வது போல, எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுச் சொன்னாள்.

"பொண்ணுங்க. நான் பாக்கலைங்க. ஆனா இவங்க பாஸ் பண்ணிட்டாங்க. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுங்களா?"

அபிலாஷின் மனைவி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இருவரும் சீக்கிரமே கிளம்பினார்கள். கதவு சாத்தியதும் மிதுன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, அவன் கத்தவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அவள் எல்லாரிடமும் சொன்னாள். பொங்கலுக்குக் கூடிய தமிழ்க் குடும்பங்களிடம், மிதுனை அருகில் வைத்துக்கொண்டே சொன்னாள். வேலையாக டப்ளின் வந்த பாலகோபாலை வீட்டுக்கு அழைத்து, இலை போட்டு, "நீங்கதானுங்க சார் டைம் குடுத்தீங்க" என்று நன்றி சொல்லிவிட்டு அவரிடமும் சொன்னாள். பாலகோபால் கை கழுவப் போனவர் நெடுநேரம் குழாயை மூடவில்லை. யாரும் மிதுனை நேரில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அழைப்பது நின்றது. அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது வேலை நினைவுக்கு வந்தது. அபிலாஷ் மையத்தில் போய் எழுதித் தேர்ச்சி பெற்றான். மிதுனிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் மிதுன் கேட்டான்: "நான் உன்ற காலப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"அப்பறம் எதுக்கு இப்படி ஊரெல்லாம் சொல்றே?"

"நடந்ததைத்தானுங்க சொல்றேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தாச் சொல்லுங்க, மாத்திக்கறேன்."

"ஊருக்கே போயிரலாம்" என்றான். "எனக்கு இங்க இருக்க முடியலை. எங்கயாவது வேற வேலை பாத்துக்கறேன்."

"எதுக்குங்க?" என்றாள். "இங்க வர்றதுக்குத்தானுங்க எழுந்திரிக்காம எழுதுனீங்க."

சூலூரிலிருந்து நாச்சியம்மாள் வாராவாரம் பேசினாள். "விசேசம் ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று கேட்பாள். "உங்க பையன்கிட்டயே கேளுங்க அத்தை" என்று லோகப்பிரியா போனைக் கொடுத்துவிடுவாள். மிதுன் போனை வாங்கி, வானிலையைப் பற்றிப் பேசுவான். அவன் கூடத்தில் படுக்க ஆரம்பித்து அப்போதே பல மாதம் ஆகியிருந்தது.

இரண்டாம் வருடம் லோகப்பிரியாவுக்கு வேலை கிடைத்தது. பழைய டெஸ்டர் வேலையேதான், ஒரு சின்ன நிறுவனத்தில். கோடையில் ஊழியர்கள் குடும்பத்தோடு வரும் ஒரு விருந்துக்கு மிதுனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் வர மறுத்தான். "நீங்க வரலைன்னா என்னை என்ன நினைப்பாங்க?" என்று கோட்டை எடுத்து நீட்டினாள்.

புல்வெளியில் மேசைகள் போட்டிருந்தார்கள். அவளோடு வேலை செய்கிற ஐரிஷ் பெண்கள் நான்கைந்து பேர் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் மிதுனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, இவர்தான் என் கணவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் நீட்டிய கையை ஒருத்தி வாங்கி, உடனே விட்டுவிட்டாள். மற்றவர்கள் கையில் தட்டும் கோப்பையும் இருப்பதைக் காட்டித் தலையை மட்டும் அசைத்தார்கள்.

ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் கோட்டுக் காலர் மடிந்திருந்தது. லோகப்பிரியா அதை எடுத்துச் சரியாக விட்டாள்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றாள். "எல்லார் கூடவும் உக்காருங்க."